வலது காதின் முறை

அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

காது மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், தாழ்வாரத்தின் கடைசிக் கதவு. உள்ளே ஒரு சாய்வுக் கட்டில், ஒரு கணினி, சுவரில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் பெட்டி, அதிலிருந்து தொங்கும் மெல்லிய குழாய். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. தலைசுற்றலோடு வருகிறவர்களை இங்கேதான் அனுப்புவார்கள்.

படுக்கவைத்து, கண்ணை முழுசாக மூடும் கண்ணாடியை மாட்ட வேண்டும். அதற்குள் கும்மிருட்டு. இருட்டிலும் பார்க்கிற ஒரு கேமரா அதில் இருக்கிறது. பிறகு காதுக்குள் அரை நிமிடம் வெந்நீர். உள்காது சூடேறியதும் கட்டில் சுழல்வது போலிருக்கும். கண் ஒரு பக்கமாக மெல்ல நகரும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும். திரையில் அது ரம்பப் பல் போலக் கோடு போடும். அப்புறம் மற்றக் காது. அப்புறம் அதே இரண்டு காதுக்கும் குளிர்ந்த நீர். ஒரு காதின் பல் சின்னதாக இருந்தால் கோளாறு அந்தக் காதில். இரண்டும் சமமாக இருந்தால் காதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். பல பேருக்கு அது ஒற்றைத் தலைவலியில் போய் முடியும். தலை வலிக்காத நாளில்கூடத் தலையைச் சுற்றவைக்கும் தலைவலி அது.

ஒரே ஒரு தொந்தரவு. படுத்திருப்பவர் சும்மா கிடந்தால் மூளை கண்ணைப் பிடித்து நிறுத்திவிடும். நல்ல காதும் நோஞ்சான் காதாகத் தெரியும். அதனால் தண்ணீர் விட்ட நொடியிலிருந்து கண் அடங்கும்வரை எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலை வாய்த்ததோ, நாலு பேர் நின்றால் லிப்டில் ஏறாமல் மூன்று மாடியும் நடந்து வருகிற ஒருத்திக்கு. கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அந்தக் கதவுக்குள் வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். "நாலு கால் இருக்கிற சாமான் சொல்லுங்க. ம், அப்புறம்? கட்டிலைச் சொல்லிட்டீங்க. நூறுல இருந்து ஏழு ஏழா கொறைங்க. தூங்காதீங்க ஐயா, பதில் சொல்லுங்க!" செவிலியர்கள் அவளுக்குக் கேள்விக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பவரின் கண் மூடியிருக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை அவளுடைய அக்கா வந்தாள்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு வருடமாக ஒரே தடம். நான்கு மாதத்துக்கு முன் சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது சாலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதிலிருந்து பத்து நாளைக்கு ஒரு முறை சுற்றல். டிப்போவில் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, தொலைந்த சாமான்கள் அறையில் குடை எண்ண உட்கார்த்திவிட்டார்கள்.

கூட வந்தவர் அக்காவின் கணவர். லிப்ட் பழுது பார்ப்பவர், ஓயாமல் பேசுகிறவர். அவர் வராமல் முடியாது. ஏனென்றால் அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

"கண் மையைத் துடைக்கச் சொல்லுங்க மாமா. கேமராவுக்கு ஆகாது."

"தொடைச்சிட்டேன்னு சொல்லுங்க."

"தொடைச்சிட்டாளாம்," என்றார் அவர். "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரு முழத் தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் எதுக்கு, டெலிபோன் கம்பமா?"

ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

"சுத்தல் மாத்திரை ரெண்டு நாளா நிறுத்தியாச்சான்னு கேளுங்க."

"நிறுத்தியாச்சு. நாள் பூரா லிப்டுல ஏறி எறங்குறவன் நான், எனக்குச் சுத்தல. தரையில நிக்கிற இவளுக்குச் சுத்துது. இந்த நியாயத்தை எங்க போய்ச் சொல்றது? டிப்போல ஒரு விதி வச்சிருக்காங்கம்மா. காதுக் கோளாறுன்னா வைத்தியம் பண்ணிட்டுச் சான்றிதழ் குடுத்தா மூணு மாசத்துல வண்டியைத் திருப்பித் தருவாங்க. தலைவலியால வர்ற சுத்தல்னா அவ்வளவுதான், ஆயுசுக்கும் குடைதான். அதனால காதாவே இருக்கட்டும்னு இவ வேண்டாத நாள் இல்ல."

கேள்விக்காரி படிவத்தை எடுத்தாள். ஏழாவது வரி: குடும்பத்தில் யாருக்கேனும் ஒற்றைத் தலைவலி உண்டா?

"குடும்பத்துல யாருக்காவது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இல்லன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

ஆறு வருடத்துக்கு முன் இதே கேள்விக்கு அக்கா வேறு பதில் சொன்னாள். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவன் இருந்தான். அவனும் படியேறுகிறவன். எட்டு மாதம் சேர்ந்து படியேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்தான். அந்த அம்மா பேச்சுவாக்கில், "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அக்கா முந்திக்கொண்டாள். "மாசம் ரெண்டு நாள் தலைவலின்னு இருட்டு ரூம்ல படுத்துடுவா. எங்கம்மாவும் இப்படித்தான். கடைசி வரைக்கும் சரியாகல."

அடுத்த மாதம் அவன் லிப்டில் போக ஆரம்பித்தான்.

கேள்விக்காரி பேனாவைத் திறந்து ஏழாவது வரியில் 'இல்லை' என்று எழுதினாள். நீ சொன்னதைத்தானே எழுதுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எழுத்து அழகாக விழுந்தது.

முதலில் இடது காது. கேள்வித் தாளை மாமாவிடம் கொடுத்தாள். "நீங்களே கேளுங்க. நிறுத்தாம கேக்கணும்."

அவருக்கா சொல்ல வேண்டும்? "பறக்கிற பிராணி எல்லாம் சொல்லு. ம், கொசுவை விட்டுட்ட. நீ ராத்திரியில என் மேல எறியற தலகாணியும் பறக்கும்தான், அதையும் சேத்துக்கோ." அக்கா இருட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தாள், பதில் சொன்னாள், திட்டினாள். திரையில் பற்கள் நெடுநெடுவென்று எழுந்தன.

ஐந்து நிமிட இடைவெளியில் அவருடைய போன் அடித்தது. எங்கோ ஒரு லிப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். கையால் சைகை காட்டிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது.

வலது காதின் முறை. கேள்விக்காரி காத்திருந்திருக்கலாம். குழாயை எடுத்துத் தண்ணீரைத் திறந்தாள். நேரம் ஓடத் தொடங்கியது. தாள் கட்டிலின் ஓரத்தில் கிடந்தது. முதல் கேள்வி, வீட்டில் இருப்பவர்கள் பேரைச் சொல்லுங்கள். வாயைத் திறந்தாள், மூடினாள். அக்காவின் நெற்றியில் அம்மாவுக்கு இருந்த அதே கோடு. தண்ணீர் கிண்ணத்தில் சொட்டியது. இருவரும் மூச்சுவிடுவது கேட்டது. பற்கள் குட்டையாக எழுந்து, சோர்ந்து, படுத்துக்கொண்டன.

குழாயை ஒரு பக்கம் கொண்டுவந்தால் அந்தக் காதை முடித்துவிட்டே மாறுவது அவள் வழக்கம். அதனால் குளிர்ந்த நீரும் வலதுக்கே முதலில். அதுவும் அப்படியே போயிற்று. கடைசியாக இடதுக்குக் குளிர்ந்த நீர் விடும்போது மாமா திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து பிராணிகளைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றியதும் அக்கா வாளியில் வாந்தி எடுத்தாள். கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அந்த லைட்டை அணைக்கச் சொல்லுங்க, குத்துது," என்றாள். காதுக் கோளாறுக்காரர்கள் விளக்கோடு சண்டை போடுவது குறைவு. கேள்விக்காரிக்கு அது தெரியும். ஆனால் அதை எழுத அறிக்கையில் கட்டம் கிடையாது.

வலது காதில் முப்பத்துநான்கு சதவீதக் குறைபாடு என்று இயந்திரம் எழுதியது. இருபத்தைந்தைத் தாண்டினால் கோளாறு. கேள்விக்காரி கீழே கையெழுத்துப் போட்டாள்.

காது மருத்துவர் நின்றுகொண்டே அறிக்கை படிக்கிற ஆள். வலது காதில் இரைச்சல், அடைப்பு என்று ஏற்கனவே குறித்து வைத்திருந்தார், எண் பொருந்திவிட்டது. "அரைகுறையா வேலை செய்யற காதுதான் ஆபத்து. செவிப்பறை வழியா ஒரு மருந்து செலுத்தி, அந்தக் காதோட சமநிலை வேலையை முழுசா அணைச்சிடுவோம். மூளை மத்தக் காதை வச்சுப் பழகிக்கும். அணைச்சது அணைச்சதுதான், திரும்ப வராது. அடுத்த வியாழன் வாங்க."

மாமா போகும்போது கேள்விக்காரியின் அறைக்கதவைத் தள்ளி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். "காதுதான்! உன் வாய் முகூர்த்தம்."

அவள் வாயே திறக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற தையற்காரர். பாதிக் கேள்வியில் அசந்துவிட்டார். பற்கள் சரசரவென்று சரிந்தன. "ஐயா! சட்டையில என்னென்ன பாகம், சொல்லுங்க!" என்று தோளைத் தட்டினாள். "காலர், கஃப், யோக்..." பற்கள் எழுந்துகொண்டன. நூறு தடவை பார்த்த காட்சி. நூற்றி ஒன்றாவது தடவை அவளுக்கு அக்காவின் வலது காது நினைவுக்கு வந்தது.

அவர் போன பிறகு அக்காவின் பதிவைத் திறந்தாள். படத்தோடு ஒலியும் பதிவாகியிருக்கும். இடது காதுக்குக் கொசு, தலகாணி, சிரிப்பு. வலது காதுக்குத் தண்ணீர் சொட்டும் சத்தம். இரண்டு முறையும் தண்ணீர் மட்டும். இரண்டு முறையும் முழுசாகக் கேட்டாள்.

அன்று மாலை ஆறு வருடத்துக்குப் பிறகு அக்கா வீட்டுப் படியேறினாள். அக்காதான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"மாமா இல்ல," என்றாள் அக்கா.

"உன்கிட்டதான் பேசணும்."

"அடேயப்பா."

கேள்விக்காரி நின்றபடியே சொன்னாள். கேள்வி கேட்காவிட்டால் கண் அடங்கிவிடும் என்பது, வலதுக்குக் கேட்கவில்லை என்பது, சோதனை செல்லாது என்பது, காது நல்லதாக இருக்கலாம், நல்ல காதை அணைத்துவிட்டால் இருட்டில் நடக்கவே தடுமாற வேண்டிவரும், சுற்றல் போகாமலும் இருக்கும் என்பது. மருத்துவமனையில் அந்நியரிடம் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப தலைவலின்னு ஆயிடும்," என்றாள்.

"இருக்கலாம். அம்மாவுக்கு இருந்தது. எனக்கு இருக்கு."

"வண்டி போயிடும்."

"காது போயிடும்க்கா."

"காதா எனக்குச் சோறு போடுது? நல்லா இருக்குடி. அன்னைக்கு நான் உண்மையைச் சொன்னேன், உன் கண்ணாடிக்காரன் போனான். இன்னைக்கு நீ உண்மையைச் சொல்லு, என் பஸ்சும் போகட்டும். ஆறு வருஷம் காத்திருந்து அடிக்கிற."

"அதுக்கில்லக்கா."

"பின்ன எதுக்கு? அன்னைக்கு இருட்டுல மல்லாக்கப் படுத்துகிட்டு, இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு கெடந்தேன். ஏதாவது. ஆட்டுக்கு எத்தனை காலுன்னாவது. நீ தண்ணியை ஊத்திட்டு நின்ன." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "வாயை மூடிகிட்டே இரு. அது உனக்குக் கைவந்த கலையாச்சே."

வியாழக்கிழமை காலை, வெளிநோயாளிகள் வருமுன், கேள்விக்காரி மருத்துவரின் மேசை முன் நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தும் முதல் வரியிலேயே தடுக்கியது.

"வலது காதுக்கு நீங்க ஏன் பேசல?" என்றார் அவர்.

"எங்களுக்குள்ள பேச்சு இல்ல சார்."

அவர் முதன்முறையாக உட்கார்ந்தார். "இந்தக் காரணத்தை நான் எந்த ஃபைல்ல எழுதுறது?" கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். "உறவுன்னு தெரிஞ்சும் நீங்களே சோதனை பண்ணினது ஒரு தப்பு. வெளியாளை வச்சுக் கேள்வி கேட்டது ரெண்டாவது. நிர்வாகத்துக்கு எழுதித்தான் ஆகணும். இந்தச் சோதனை தெரிஞ்ச வேற ஆள் இங்க இல்லாததால இன்னொரு தடவையும் நீங்கதான். இந்தத் தடவை நீங்களே பேசுங்க. மறுசோதனை இல்லாம ஊசி இல்லைன்னு அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பதினோரு மணிக்கு அக்கா கட்டிலில் படுத்தாள். மாமா வெளியே பெஞ்சில். கதவு சாத்தியிருந்தது.

"நாலு கால் இருக்கிற சாமான் சொல்லு."

"மேசை. நாற்காலி. கட்டில். ஸ்டூல். தொலைஞ்சுபோன சாமான் ரூம்ல நான் உக்கார்ற முக்காலிக்கு மூணு கால். அது வேண்டாம்." இடது காதுக்கு அக்கா மடமடவென்று பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். பற்கள் போன வாரத்தைவிட உயரம்.

வலது காதுக்குத் தண்ணீர் போனது.

"பறக்கிற பிராணி சொல்லு."

பதில் இல்லை.

"சிவப்பா இருக்கிற பொருள் சொல்லு. நூறுல இருந்து ஏழு கொறை. அக்கா."

அக்கா உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். உடம்பு கட்டில் மேல் மரக்கட்டை போலக் கிடந்தது. கேள்விக்காரிக்குப் புரிந்தது. சும்மா இருந்தால் காது செத்ததாகத் தெரியும் என்ற சூத்திரத்தை வீடு தேடிப்போய்ச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். நல்ல காதைக் கொடுத்து பஸ்சை வாங்கப் படுத்திருந்தாள் அக்கா.

திரையில் குட்டைப் பற்கள். இன்னும் ஒரு நிமிடம் போனால் கண் அடங்கிவிடும்.

"அன்னைக்கு அந்தம்மாகிட்ட ஏன் சொன்ன?"

அக்காவின் கை கட்டில் விளிம்பைப் பிடித்தது.

"சொல்லு. உன் கல்யாணத்தப்ப அம்மாவுக்குத் தலைவலின்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா? நீ ஏன் சொன்ன?"

"பேசாம வேலையைப் பாரு."

ஒரு வாக்கியம். ஒரு பல் ஒரு விரல் உயரம் ஏறியது.

"வேணும்னேதானே சொன்ன?"

"ஆமா, வேணும்னேதான் சொன்னேன்!" அக்காவின் குரல் கறுப்புத் திரையில் மோதியது. "அம்மா படுத்தப்ப வாளியை யாரு எடுத்தா? நீ பள்ளிக்கூடம் போயிட்ட. உனக்கு வந்தப்ப யாரு எடுத்தா? கதவுகிட்ட சத்தம் வராம யாரு உக்காந்தா? பன்னண்டு வருஷம் இருட்டு ரூமுக்கு வாட்ச்மேன் நான். நீ படிச்ச, வெள்ளைக் கோட்டைப் போட்ட, ஒருத்தனைப் புடிச்ச. அந்தம்மா கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு வினாடி ஆகும். நீ எதிர்ல சிரிச்சுகிட்டு உக்காந்திருந்த. எனக்குச் சொல்ல வரல. வரவே இல்லடி. போதுமா?"

பற்கள் திரையின் மேல் விளிம்பைத் தொட்டன. இயந்திரத்துக்குக் கொசுவும் ஒன்றுதான், ஆறு வருடக் கோபமும் ஒன்றுதான். கேள்விக்காரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காது நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல காதை அவள் அந்த வாரம் பார்க்கவில்லை.

குளிர்ந்த நீருக்குக் கேள்வி தேவைப்படவில்லை. கேட்பதற்கு முன்பே அக்கா மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள். "டிப்போ. மரக்கடை. தண்ணி டேங்க். ரெண்டாவது கேட். பழைய தபாலாபீஸ். பெண்கள் பள்ளி." தன் தடத்தின் நிறுத்தங்கள். இருபத்தேழு நிறுத்தமும் வரிசை தப்பாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று, ஆள் ஏறும்வரை காத்திருந்து, கிளம்பி. கடைசி நிறுத்தம் வருமுன்பே கண் அடங்கிவிட்டது. கேள்விக்காரி நிறுத்தச் சொல்லவில்லை.

இடதுக்கும் குளிர்ந்த நீர் விட்டு முடித்தபோது, இரு காதுக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்.

விளக்கைப் போடாமலே கண்ணாடியைக் கழற்றினாள். அக்கா வாந்தி எடுத்தாள். வாளியைக் கேள்விக்காரி பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் அக்கா அந்த வாளியை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள்.

மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காதுதானே?"

கேள்விக்காரி தலையை ஆட்டினாள். இல்லை என்று. அவர் முகம் மெல்லத் தொங்கியது. அவரிடம் அப்போது நகைச்சுவை எதுவும் இல்லை.

மேசைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, ஏழாவது வரியில் இருந்த அழகான 'இல்லை'யை அடித்தாள். 'உண்டு. தாய், தங்கை' என்று எழுதினாள். இனி இது மருத்துவரிடம் போகும். அங்கிருந்து டிப்போவுக்குப் போகும். வேறொரு கடிதம் நிர்வாகத்துக்குப் போகும்.

அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். சுவரைப் பிடித்து நின்றபடி, கணவரிடம், "அவளை ஒண்ணு கேளுங்க," என்றாள்.

"என்ன?"

"அதைத் தெரிஞ்சுக்கணும்னு கேட்டாளா, காதுக்காகக் கேட்டாளான்னு கேளுங்க."

மாமா கேள்விக்காரியின் பக்கம் திரும்பினார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பதிலை வாங்கிக் கொடுப்பதற்காக, வழக்கம்போல நடுவில் நின்றார்.

ஆறு வருடமாகப் படியேறும்போதெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கேட்டுத் தேய்ந்துபோன கேள்விதான் அந்த 'ஏன் சொன்ன'. கேட்டபோது அவள் கண் திரையில் இருந்தது. அக்கா பேசி முடிக்கும்வரை அவள் பற்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கேள்விக்காரி படிவத்தை மடித்து உறையில் போட்டாள். அக்கா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, விளக்குக்குக் கண்ணைச் சுருக்கியபடி, தாழ்வாரத்தில் நடந்தாள்.

அடுத்த ஆள் வாசலில் நின்றிருந்தார். கேள்விக்காரி குழாயைக் கழுவி மாட்டினாள். கண்ணாடியின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. அதையும் துடைத்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். கேள்வித் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.